கர்ட்டிஸுக்கு மட்டும் வராத அழைப்பு

அத்தியாயம் 14

சென்ற வாரம் ஸீனியாவை ஒரு காபிக் கடையின் மூலை மேஜையில் விட்டுவிட்டு வந்தோம். எதிரே வெர்னா பென்னர் உட்கார்ந்திருந்தார். கனடாவின் மனித்தோபா மாகாணம் முழுக்க முதியோர் இல்லங்கள் நடத்தும் பெரிய நிறுவனத்தில் எச்.ஆர். தலைவி. அவர்களுக்கு நர்ஸ், சமையல்காரர், டிரைவர் என்று ஆள் பிடித்துக் கொடுப்பதில்தான் பரானியுக் குடும்பத்தின் ஆள்தேர்வு நிலையமே ஓடுகிறது.

அப்பேர்ப்பட்ட வெர்னா, தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல், தனக்கே வேறு வேலை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். மேலதிகாரி கர்ட்டிஸுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது, தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும் என்றார். ஸீனியா யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். வேலை தேடுகிறவர்களின் பட்டியலில் வெர்னாவின் பெயரையும் போன் நம்பரையும் தன் கையாலேயே ஏற்றினாள்.

அப்பாவிடம்கூட அவள் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்வதும் ஆபீஸ் இருக்கிற செல்கர்க் அவென்யூவில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த அப்பா, ஒரெஸ்ட் பரானியுக், வியாழக்கிழமை காலையில் சமையலறையில் சீட்டியடித்துக்கொண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வெளியே மூக்கு உதிர்ந்துவிடும் குளிர். காரின் எஞ்சின் உறையாமலிருக்க ராத்திரி முழுக்க கரண்ட் வயரில் மாட்டி வைத்திருந்தது. இந்தக் குளிரில் இந்த மனுஷன் சீட்டியடித்தால் ஏதோ விவகாரம் பண்ணியிருக்கிறார் என்று அர்த்தம்.

மனைவி ஸ்டெஃபாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. சின்ன மகள் லாரிஸாவின் சோஷலுக்கு இன்னும் பாதி டிக்கெட் விற்காமல் கிடப்பதே அவருடைய கவலை. மொய் விருந்து தெரிந்தவர்களுக்குச் சோஷலைப் பற்றி நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை. கல்யாணம் நிச்சயமான ஜோடிக்காக ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, டிக்கெட் விற்று, ஆட்டம் பாட்டம் வைத்து, குலுக்கலில் ஒரு ராட்சத விஸ்கி பாட்டிலைக் கொடுத்து, நடுராத்திரியில் ரை ரொட்டியும் சலாமியும் போட்டு அனுப்புவது. இந்த வின்னிபெக் நகரில் இது இல்லாமல் கல்யாணம் இல்லை.

அதில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. தெரிந்தவர் ஒருவரையும் விடாமல் கேட்டாக வேண்டும். வாங்காமல் போனால் பாதகமில்லை, கேட்காமல் விட்டால்தான் ஜன்மப் பகை. ஸ்டெஃபாவின் சோஷலுக்குக் கூப்பிட மறந்துபோன ஒரு சித்தப்பா இன்றைக்கும் சர்ச்சில் இவர்களைக் கண்டால் மோட்டுவளையைப் பார்க்கிறார்.

"ஒரெஸ்ட், யாரையாவது விட்டுட்டேன்னு வெச்சுக்கோ, அப்புறம் நான் இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது," என்றார் ஸ்டெஃபா.

ஒரெஸ்ட் மீசைக்குள் சிரித்தார். "பத்தரை மணி வரைக்கும் பொறுத்துக்கோ. ஒருத்தரையும் விடல."

ஸ்டெஃபா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே வேண்டியிருந்திருக்காது.

அன்றைக்கு ஆபீஸில் டிரெய்னிங். வேலை தேடுகிறவர்களுக்கு மின்னஞ்சலும் மெசேஜும் அனுப்புவதில் எது செய்யலாம், எது கூடாது என்று சட்டம் சொல்வதை எல்லா ரெக்ரூட்டர்களுக்கும் மண்டையில் ஏற்றும் டிரெய்னிங். சொல்லிக் கொடுக்கப் போவது ஸீனியா. அது ஏன் வந்தது என்று கேட்டால் அதற்கும் காரணம் நம் ஒரெஸ்ட்தான். இரண்டு தடவை 'இனி வேண்டாம்' என்று பதில் போட்ட ஒரு நர்ஸுக்கு, பிறந்த நாள் வாழ்த்து அனுப்பி, கூடவே தன் தங்கை மகள் புதிதாக முடிவெட்டும் கடை திறந்திருப்பதையும் தெரிவித்துவிட்டார். அந்த நர்ஸ் தன் முதியோர் இல்லத்தில் புகார் செய்தாள். புகார் கர்ட்டிஸ் ஹால்டர்சன் மேஜைக்குப் போனது.

கர்ட்டிஸ் சத்தம் போடுகிறவர் இல்லை. எல்லோருக்கும் பயிற்சி கொடுங்கள், நானே வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன், என் எச்.ஆர். தலைவியையும் கூட்டி வருவேன் என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் தேவலாம்.

ஒரெஸ்டுக்குச் சட்டம் என்றாலே வேப்பங்காய். நிலையத்தைத் தொடங்கியவர் அவர். ஹாக்கி மேட்ச் பார்க்கப் போனால் திரும்பி வரும்போது மூன்று வெல்டர்களோடு வருவார். "என் ஜனங்களோட பேச ஒட்டாவால உக்காந்து சட்டம் போடுறவன்கிட்ட நான் எதுக்கு சம்மதம் வாங்கணும்?" என்று இரண்டு வருஷமாக மகளிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஸீனியா, டிரெய்னிங்கில் தேறுகிறவர்கள் கையில்தான் இனி பட்டியல் இருக்கும், தேறாவிட்டால் அப்பாவானாலும் வெளியேதான் என்று சொல்லிவிட்டாள். பட்டியலை எடுத்துவிட்டால் ஒரெஸ்டுக்கு ஆபீஸில் காபி குடிப்பதைத் தவிர வேலை கிடையாது. அதனால் முந்தின நாள் மாலை முனகிக்கொண்டே கம்ப்யூட்டரில் முன்பாடத்தைப் படித்தார்.

படித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விதிவிலக்குகள் என்று ஒரு பக்கம். நேரில் பேசிப் பழகிய, இரண்டு பக்கமும் மனமொப்பிய தனிப்பட்ட உறவு இருக்கிறவர்களுக்குச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டியதில்லை என்று போட்டிருந்தது. ஒரெஸ்டுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டியலில் இருக்கிற ஏழாயிரத்துச் சொச்சம் பேரோடும் அவர் பேசியிருக்கிறார், அவர்களும் இவரோடு பேசியிருக்கிறார்கள், இது தனிப்பட்ட உறவு இல்லை என்றால் வேறு எதுதான் உறவு? உட்கார்ந்த இடத்திலேயே சோஷலுக்கு ஒரு மெசேஜ் எழுதினார். வேளைகெட்ட வேளையில் தொந்தரவு செய்யக் கூடாது என்று பாடத்தில் இருந்தது. அதையும் மதித்து, காபி இடைவேளை நேரமான பத்தரைக்குத் தானாகவே போகும்படி பூட்டி வைத்தார். அப்புறம் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆபீஸ் வாசலில்தான் அது வெளியே வந்தது. டிரெய்னிங்குக்கு வந்தவர்களுக்காக லாரிஸா ஒரு பெட்டி ஜாம் பஸ்டர், அதாவது உள்ளே ஜாம் வைத்த டோனட், வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரெஸ்ட் பெட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்துக் கடித்து, மீசையில் ஜாமோடு அவள் காதில் ரகசியத்தைச் சொன்னார்.

லாரிஸா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். சட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. சோஷலுக்குப் பிடித்திருந்த உக்ரேனியக் கூடத்தில் முந்நூறு பேர்தான் கொள்ளும் என்பது தெரியும்.

"அப்பா, ஏழாயிரம் பேரா? நிறுத்துங்க அதை."

பூட்டினதைத் திறக்க ஸீனியாவுக்குத்தான் அதிகாரம் என்று ஒரெஸ்ட் பெருமையோடு சொன்னார். ஏழாயிரத்தில் எத்தனை பேர் வரப் போகிறார்கள் என்று அவள் தோளைத் தட்டினார். பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று, பாதி ஜாம் பஸ்டரை உள்ளே கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு, முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே ஸீனியா ஆரம்பித்துவிட்டிருந்தாள். முன்வரிசையில் அப்பாவும் ஐந்து ரெக்ரூட்டர்களும். அந்த ஐந்து பேருமே ஒரு காலத்தில் வேலை கேட்டு இதே படியேறி வந்தவர்கள்தான். ஒரெஸ்ட் தன் பட்டியலுக்கு வெளியே யாரையும் வேலைக்கு வைத்ததில்லை. பின்வரிசையில் கர்ட்டிஸ், அவர் பக்கத்தில் வெர்னா. வெர்னா உள்ளே வரும்போது ஸீனியாவோடு ஆபீஸ் பழக்கம் மட்டும்தான் என்பது போலக் கை குலுக்கினார். அந்தக் கை சில்லென்று இருந்தது. குளிருக்கு என்று கர்ட்டிஸ் நினைத்திருப்பார்.

ஸீனியா எதையும் அரைகுறையாகச் செய்கிற பெண் இல்லை. அதுதான் அன்றைக்கு வினையாகப் போயிற்று. 'இனி வேண்டாம்' என்று பதில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் செய்தே காட்டப் போவதாகச் சொல்லி, எல்லோருடைய போனையும் மேஜை மேல், முகம் மேலே தெரியும்படி வைக்கச் சொன்னாள். கர்ட்டிஸ் முதல் ஆளாக வைத்தார். வெர்னாவும் வைத்தார்.

திரையில் ஒரு விசிட்டிங் கார்டு படமும் அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறியும் வந்தன. ஒருவர் கார்டு கொடுத்தால் அவருடைய தொழில் சம்பந்தமாகப் பேசலாம், ஆனால் அந்த நம்பரை எடுத்து வேறெதற்கோ ஒரு பட்டியலில் போட்டு அவரிடம் எதையாவது விற்கப் பார்ப்பது பெரிய தப்பு என்று விளக்கினாள்.

"யாருப்பா அப்படிச் செய்வாங்க?" என்றார் ஒரெஸ்ட், மிகவும் வருத்தத்தோடு.

"மிஸ்டர் பரானியுக், கேள்வி இருந்தா கையைத் தூக்குங்க," என்றாள் மகள்.

இதற்கிடையில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கர்ட்டிஸ் எதிரில் உள்ளே நுழையத் துணியாமல், லாரிஸா கூத்தாடிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினாள். கடிகாரத்தைக் காட்டினாள். அப்பாவைக் காட்டித் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டாள். ஸீனியா ஒரு தடவை பார்த்தாள், கல்யாணப் பெண் தங்கைக்கு ஏதோ பூ விஷயம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லாரிஸா டோனட் பெட்டியின் மூடியைக் கிழித்து, லிப்ஸ்டிக்கால் 'மெசேஜ் போகுது' என்று பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாற்போலப் பிடித்தாள். அதை ஸீனியா படித்து முடித்த அந்த நிமிஷம் மேஜை அதிர்ந்தது.

ஐந்து போன்கள் ஒன்றாக நடுங்கின. பின்வரிசையில் ஆறாவது போனும் நடுங்கியது.

டாரில் என்கிற ரெக்ரூட்டர், அறையிலேயே வயதில் மூத்தவர், புத்தியில் அப்படியொன்றும் இல்லை, தன் போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்:

"வணக்கம். நான் ஒரெஸ்ட் பரானியுக். என் சின்னப் பொண்ணு லாரிஸாவுக்கும் மாப்பிள்ளை ப்ரென்டுக்கும் அடுத்த வாரம் சனிக்கிழமை சோஷல். டிக்கெட் என்கிட்ட. நடுராத்திரி ரை ரொட்டி, சலாமி, வெள்ளரி ஊறுகாய் உண்டு. பரானியுக் ஆள்தேர்வு நிலையம், செல்கர்க் அவென்யூ. என் மெசேஜ் இனிமே வேண்டாம்னா 'நிறுத்து'ன்னு பதில் போடுங்க. மனசு கஷ்டப்படும், ஆனாலும் நிறுத்திடுவேன்."

முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. ஒரெஸ்ட் எழுந்து நின்று ஒரு கும்பிடு போடாத குறை. அனுப்பினவர் பெயர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, நிறுத்துகிற வழியும் இருக்கிறது, எல்லாம் பாடத்தில் சொன்னபடி என்று மகளைப் பார்த்து விரலை மடக்கி எண்ணிக் காட்டினார்.

ஸீனியா அவரைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் மேஜை மேல் வெளிச்சம் அணையாமல் கிடந்த அந்த ஆறாவது போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுடைய பெயர் அதில் கொட்டை எழுத்தில் தெரிந்தது.

கர்ட்டிஸும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வின்னிபெக்கில் பிறந்து வளர்ந்த மனுஷன், சோஷல் என்றால் சிரிப்பு வராமல் இருக்குமா? தன் போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"எல்லாருக்கும் வந்திருக்கு. எனக்கு மட்டும் வரலையே?" என்றார். "இது யார் யாருக்குப் போகும்?"

இந்தக் கேள்விக்குச் சும்மா இருந்திருக்கலாம். டாரிலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"வேலை கேட்டுப் பேர் குடுத்திருக்கிறவங்களுக்கு மட்டும்தான் சார் போகும். கஸ்டமருங்க லிஸ்ட் தனி."

சொல்லிவிட்டு, நல்ல பதில் சொன்ன திருப்தியோடு டாரில் இன்னொரு ஜாம் பஸ்டரை எடுத்தார்.

கர்ட்டிஸின் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. அவர் கண் மேஜை மேல் வரிசையாகப் போய், வெர்னாவின் போனில் வந்து நின்றது.

"வெர்னா, உனக்கு வந்திருக்கே."

வெர்னா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கை போனை மூடப் போய் பாதி வழியில் நின்றுவிட்டது. பதினாறு வருஷம் அந்த நிறுவனத்துக்கு உழைத்தவர், வீட்டில் உடம்புக்கு முடியாத கணவர், இந்த வேலையும் போய் அந்த வேலையும் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் காபிக் கடையில் ஸீனியாவிடம் சொல்லியிருந்தார். அது எல்லாம் இப்போது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஸீனியா வாயைத் திறந்தாள். பொய் சொன்னால், ஒழுங்கைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளே பொய் சொன்னாள் என்று ஆகும். உண்மையைச் சொன்னால் வெர்னா ஒழிந்தார். வாயை மூடிக்கொண்டால் அதுவே பதில். தனக்கு வாக்குக் கொடுத்துப் பழக்கமே இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று அந்தப் பெண் தவித்த தவிப்பு எனக்குத் தெரியும்.

முன்வரிசையில் ஒரெஸ்ட் திரும்பி வெர்னாவைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். அப்புறம் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அது என் வேலை, கர்ட்டிஸ்."

"எது?"

"போன மாசம் அவங்க என்கிட்ட கார்டு குடுத்தாங்க. அதுல இருந்த நம்பரை எடுத்து லிஸ்ட்ல நான்தான் போட்டேன். டிக்கெட் விக்கணுமில்ல."

திரையில் விசிட்டிங் கார்டும் சிவப்புப் பெருக்கல் குறியும் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

கர்ட்டிஸுக்கு முகம் சிவந்தது. தன் எச்.ஆர். தலைவியை, வேலை தேடுகிறவர்கள் பட்டியலில், டான்ஸ் டிக்கெட் விற்பதற்காகச் சேர்த்தீர்களா என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"உங்களையும் போட்டிருப்பேன்," என்றார் ஒரெஸ்ட். "நீங்கதான் கார்டு குடுக்கல."

அப்போதுதான் வெர்னாவுக்குப் பேச்சு வந்தது. வந்தது என்றா சொன்னேன், மடை உடைந்தது. என் கார்டை இதற்காகவா கொடுத்தேன், உங்களுக்கு வெட்கமில்லையா, ஒரு பெண்ணின் பெயரைக் கண்ட இடத்தில் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், அவள் பிழைப்பு என்ன ஆகும் என்று எழுந்து நின்று பொரிந்து தள்ளினார். அதில் ஒரு சொல்கூட நடிப்பு இல்லை. பயந்த பயம் முழுக்கக் கோபமாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரெஸ்ட் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் கர்ட்டிஸே அவர் தோளைத் தொட்டு, போகட்டும் வெர்னா, உட்கார் என்று தேற்ற வேண்டியதாயிற்று.

தேற்றிவிட்டு ஸீனியாவிடம் திரும்பினார். ஒப்பந்தத்தை முறிக்கிற எண்ணம் தனக்கு இல்லை என்றார். ஸீனியா மேல் நம்பிக்கை இருக்கிறது என்றார்.

"ஆனா இவர் இனிமே அந்த லிஸ்ட்டைத் தொடக் கூடாது. இப்பவே எடுத்துடுங்க. நான் பார்க்கணும்."

ஸீனியா அப்பாவைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார். "டீச்சர் சொன்னா சரி," என்றார்.

கம்ப்யூட்டரில், பட்டியலைத் திறக்க உரிமை உள்ளவர்களில் ஒரெஸ்ட் பரானியுக் என்ற பெயரைத் தேடினாள். முதல் பெயரே அதுதான். நீக்கலாமா என்று அது கேட்டது. ஆமாம் என்றாள். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. இந்த மெஷின்களுக்கு இங்கிதம் கிடையாது. ஆமாம் என்று அழுத்தும்போது அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு வருஷமாக இதைச் செய்யத்தானே சண்டை போட்டாள், செய்த அன்றைக்கு அப்பாவை வீட்டுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினது போல இருந்தது.

டிரெய்னிங்கை எப்படியோ முடித்தாள். ஏழாயிரம் பேரிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பிவிடலாமே என்று டாரில் யோசனை சொன்னார். கேட்காதவர்களுக்கு இன்னொரு மெசேஜா என்று ஸீனியா பார்த்த பார்வையில் அவர் டோனட்டைக் கீழே வைத்துவிட்டார்.

கர்ட்டிஸ் கிளம்பினார். கோட்டு, மப்ளர், கையுறை எல்லாம் மாட்டி, வாசல் வரை போய், நின்றார். வெர்னா காரைச் சூடு பண்ண முன்னால் போயிருந்தார்.

"அந்த டிக்கெட்," என்றார் கர்ட்டிஸ் ஒரெஸ்டிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு. "மிச்சம் இருக்கா?"

நேரில் கேட்டு நேரில் விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஒரெஸ்ட் சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கூப்பிடாமல் விட்டது தன் தப்புத்தான் என்று மன்னிப்பும் கேட்டார். கர்ட்டிஸ் அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு போனார்.

மத்தியானம் ஸீனியா அப்பாவின் அறைக்குப் போனாள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. ஒரெஸ்ட் அதன் எதிரில் கையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஸீனியா கதவைச் சாத்தினாள்.

"எப்படிப்பா தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுது?"

"வெர்னா விஷயம்."

"அவங்களுக்கு என்ன விஷயம்? கார்டு குடுத்தாங்க. நம்பரை நான் போட்டேன். அவ்வளவுதான்."

"அப்பா, அந்தப் பேரை லிஸ்ட்ல போட்டது நான்."

ஒரெஸ்ட் கையை உயர்த்தி நிறுத்தினார். "நீ எதுவும் சொல்லாத. எனக்குச் சொல்ல உனக்கு யாரும் சம்மதம் குடுக்கல."

இரண்டு வருஷமாக ஸீனியா தொண்டை வறளக் கத்தியும் அவர் மண்டையில் ஏறாத சொல் அது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "என் ஜனங்க, என் ஜனங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்," என்றார். "ஏழாயிரம் பேர்ல யாராவது ஒருத்தர் அந்த நேரத்துல முதலாளி பக்கத்துல உக்காந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. அது என் தப்புதான். லிஸ்ட்டு உன்கிட்டயே இருக்கட்டும்."

ஸீனியா போய் அவர் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டாள். சின்னப் பெண்ணாக இருக்கும்போது அங்கேதான் உட்காருவாள்.

கதவு படாரென்று திறந்தது. லாரிஸா, கையில் டோனட் பெட்டியின் மிச்சத்தோடு, கண்ணெல்லாம் மை வழிய நின்றாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பதில்கள் வந்து குவிகின்றனவாம். 'நிறுத்து' என்று கொஞ்சம் பேர்தான். மிச்சப் பேர் எல்லாம், ஒரெஸ்ட் கூப்பிட்டா வராம இருப்போமா, தொழிற்சாலை மூடினபோது நீங்கதானே வேலை பார்த்துக் குடுத்தீங்க, ரெண்டு டிக்கெட், ஆறு டிக்கெட், மாமியாருக்கு மட்டும் வேண்டாம் என்கிறார்கள். கணக்குப் பார்த்தால் உக்ரேனியக் கூடத்தின் வாசல் வரைக்கும் அல்ல, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரிசை நிற்கும்.

"கூப்பிட்டவங்களை வராதேன்னு எப்படிச் சொல்றது?" என்று அழுதாள் லாரிஸா. "அம்மா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க."

அப்பாவின் பெயரை நீக்கிவிட்டதால், இனி பதில்கள் எல்லாம் ஸீனியாவின் போனுக்குத்தான் வரும். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நடுவில் ஒரு பெயரில் விரல் நின்றது. ஊருக்குத் தெற்கே இருக்கிற ஆஸ்பத்திரியின் மேலாளர், அந்தக் காலத்தில் ஒரெஸ்ட் முதல் வேலை வாங்கிக் கொடுத்த பையன். நாலு டிக்கெட் கேட்டிருந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெர்னாவை இன்டர்வியூ செய்யப் போகிறவர் அவர்தான். எச்.ஆர். ஆள் யாராவது கிடைத்தால் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிற ஆசாமி. மறுநாள் சனிக்கிழமை, ஒரே கூடத்தில், கையில் பியரோடு கர்ட்டிஸ் ஒரு பக்கம், இந்த மனுஷன் ஒரு பக்கம்.

அதற்கு அடுத்த பதிலைப் பார்த்ததும் ஸீனியா தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, ஒருத்தங்க ரெண்டு டிக்கெட் கேட்டிருக்காங்க. உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லியிருக்காங்க. ரொம்ப நன்றின்னு போட்டிருக்கு."

"யாரு?"

ஸீனியா போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லக் கூடாதுப்பா."

ஒரெஸ்ட் பரானியுக் மறு கேள்வி கேட்கவில்லை. லாரிஸா வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தாள். அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, இருந்த டிக்கெட்டில் இரண்டைக் கிழித்து, பெயர் எழுதாமல், போகிற வழியில் ஸீனியாவின் மேஜையில் வைத்துவிட்டு, காரின் வயரைப் பிடுங்க வெளியே போனார்.